தியத்தலாவையில் தொட்டுப் பார்த்த ஹெலிகொப்டர்

போன ஆகஸ்ட் விடுமுறையில் தியத்தலாவையில் விமானப்படைக் கண்காட்சி என்று கேள்விப்பட்டதும் முதலில் ஆசைப்பட்டது என் ஒன்பது வயது மகள் ஷாலினி இல்லை; என் மனைவி ரெஜினாவின் தம்பி அந்தோணி. பதுளைக்குப் பக்கத்தில் ஸ்பிரிங்வெளியில் சின்னக் கடை வைத்திருக்கிறான். பிறவியிலேயே கண் தெரியாது.

"ஹெலிகொப்டர் சத்தத்தத்தான் கேட்டிருக்கேன் மச்சான். சாமான் எப்படி இருக்குன்னு பார்க்கணும்," என்றான். பார்க்கணும் என்றுதான் எப்போதும் சொல்வான்.

பதுளையிலிருந்து விடியற்காலை ரயிலில் நால்வரும் கிளம்பினோம். மூன்றாம் வகுப்புப் போதும், முன்பதிவு தேவையில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். ஸ்டேஷனிலிருந்து மைதானத்துக்கு ஆட்டோவில் முன்னூறு ரூபாய் கொடுத்தோம். நடக்கலாம், ஆனால் ஏற்றம்.

பனி இன்னும் கலையவில்லை. கயிறு கட்டிய வளையத்துக்குள் ஒரு ஹெலிகொப்டர் நின்றது. நான் அந்தோணிக்கு வர்ணித்தேன்: பச்சை நிறம், லொறி அளவு, கீழே சக்கரம்.

"எந்த லொறி? தேயிலைக் கொழுந்து லொறியா, சாமான் ஏத்துற பெரிய லொறியா?"

இரண்டுக்கும் நடுவில் என்றேன்.

"தொட்டுப் பார்க்க விடுவாங்களான்னு கேளுங்களேன்," என்றாள் ரெஜினா. சீருடைக்காரர்களிடம் போய் எதையும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. "பிள்ளையோட வந்திருக்கோம், கரைச்சல் வேணாம்," என்றேன். அதற்குள் அந்தோணியே கயிற்றைத் தடவிக்கொண்டு காவலுக்கு நின்ற வீரரிடம் போய்விட்டான். கடை வியாபாரத்தால் அவன் சிங்களம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும்.

தொட அனுமதியில்லை என்றார் வீரர்.

"சரி, அப்ப நீங்களே சொல்லுங்க. அது எப்படி இருக்கு?"

அவர் சொல்லத் தொடங்கினார். பெரிசு... மேலே காற்றாடி... பின்னால் வால்... அதோடு நின்றுவிட்டது. தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, இருங்கள் என்று போய் ஒரு பெண் அதிகாரியை அழைத்து வந்தார். அவர், கீறல் விழாதிருக்க, அந்தோணியிடம் மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். பிறகு கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்.

மூக்கிலிருந்து ஆரம்பித்தான். கண்ணாடி, கதவு, ஆணி வரிசை. குனிந்து அடியையும் தடவினான்.

"சக்கரமே இல்லையே மச்சான். ரெண்டு நீளக் குழாய்தான் இருக்கு."

பார்த்தேன். உண்மைதான்.

காற்றாடி எட்டவில்லை. அந்த வீரர் ஒரு படி கொண்டுவந்து போட, அதிகாரி அவன் கையை இறகின் நுனியில் வைத்தார். அந்தோணி மெல்ல அழுத்தினான்.

"வளையுதே! ஃபேன் மாதிரி விறைப்பா இருக்கும்னுல்ல நெனச்சேன்."

நிற்கும்போது தொங்கும், சுற்றும்போது நிமிரும் என்று அதிகாரி விளக்கினார். ஷாலினிக்கும் ஒரு நிமிடம் கிடைத்தது. பின்னால் வரிசை சேரத் தொடங்கியதும் கயிறு இறங்கிவிட்டது.

பதினொரு மணிக்கு அது கிளம்பியபோது எல்லோரும் தலையை உயர்த்தினார்கள். அந்தோணி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். "இப்ப நிமிந்திருச்சு," என்றான். ரெஜினா அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போக நினைப்பவர்களுக்கு: பத்து மணிக்கு முன்பே உள்ளே போய்விடுங்கள், பறக்கத் தொடங்கினால் யாரும் கிட்டே போக முடியாது. குடை, பிள்ளைகளின் காதுக்குப் பஞ்சு, கட்டுச் சாப்பாடு கட்டாயம். பார்வையில்லாதவரோடு போனால் தயங்காமல் கேளுங்கள். என்னைப் போல ஓரமாக நிற்க வேண்டாம்.

மாலையில் பதுளையில் இறங்கியதும் அந்தோணி வாசல் பக்கம் திரும்பாமல் மேடையிலேயே நின்றான். ரயிலின் முன்பக்கம் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

"இத்தன வருசமா என்னைய இழுத்துட்டுப் போவுது மச்சான். இதுட மொகம் எப்படின்னு தெரியாது."

இந்த முறை இன்ஜின் டிரைவரிடம் நான் போய்க் கேட்டேன்.