பன்னிரண்டாவது பெயர்

என் சாவிக்கொத்தில் ஒரு கம்பி வளையம் கிடக்கிறது. தீயை அணைக்கும் மருந்து அடைத்த சிவப்பு உருளையை சைட்டில் நாங்கள் 'தொங்' என்போம். அதன் கைப்பிடியில் செருகியிருக்கும் ஊசியின் வளையம் இது. இதைப் பிடுங்கினால்தான் மருந்து பீறிடும். சாவி தேடும்போதெல்லாம் விரலில் குத்துகிறது. "தூக்கிப் போடுங்கலா இந்தக் குப்பைய" என்று என் மனைவி சொல்லாத மாதமில்லை. போடுவேனா? இதைப் பிடுங்கிய கையைப் பார்த்தவன் நான்.

அப்போது ஈப்போவில் பத்து மாடிக் கட்டடம் ஒன்றுக்கு நான் பாதுகாப்பு அதிகாரி. தீயணைப்புப் பயிற்சிக்கு எத்தனை பேரை அனுப்புவது என்று முடிவு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. தலைமை அலுவலகம் பன்னிரண்டு இடம்தான் கொடுத்தது. சைட்டில் இருந்ததோ நூற்றெண்பது பேர். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அங்கே விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள், பெரட்டு என்று பெயர். அதன் பிறகுதான் ஆளாளுக்கு நெரைக்கு, அதாவது பால் வெட்டும் மரவரிசைக்கு, அனுப்புவார்கள். பெரட்டைப் பார்த்தே வளர்ந்த புத்தி வேறு எப்படிப் போகும்? காலையில் கேட்டருகே எல்லாரையும் நிறுத்தி எண்ணினேன். வேலைக் கூட்டத்துக்கு ஒருவராகப் பதினொரு பேரை எடுத்தேன். பன்னிரண்டாவதாக, குளிர்சாதன அறையை விட்டு வெளியே வராத எங்கள் குமாஸ்தா. சான்றிதழ் வேண்டுமென்று நச்சரித்துக்கொண்டிருந்தார், சேர்த்துவிட்டேன். பட்டியல் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பலகையில் ஒட்டிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதை முதலில் படித்தவர் தண்ணி அக்கா. ஒரு கையில் தேத்தண்ணி வாளி, இன்னொரு கையில் தண்ணீர்க் கெட்டில், கழுத்தில் மாதா பதக்கம். மாடி மாடியாக ஏறி, வேலையை விட்டு இறங்க முடியாதவர்களுக்குக் குடிக்கக் கொடுப்பதுதான் அவர் வேலை. அவரும் தோட்டத்திலிருந்து வந்தவர்தான். வயதில் எனக்கு ஒன்றிரண்டு கூட இருக்கலாம்.

"சேப்டி அண்ணே, இந்தப் பன்னெண்டு பேரும் பத்து மணிக்கு எங்க இருப்பாங்க?"

"எங்க இருப்பாங்க? சைட்லதான்."

"கீழ கெந்தின்ல, தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு ஒரே மேசையில இருப்பாங்கலா! பெரட்டுல நிக்கிற ஆளு நெரையிலயும் நிப்பான்னு யாரு சொன்னா ஒங்களுக்கு?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அக்கா, தேத்தண்ணியில சீனி தூக்கல். அத மொதல்ல பாருங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. மறுநாள் பத்து மணிக்கு அவர் பின்னாலேயே படியேறினேன். மூன்றாம் மாடியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. வாளியோடு அவர் முன்னே போய்க்கொண்டிருந்தார். வெல்டிங் ஆள், கம்பி கட்டுகிறவன், லிப்ட் குழிக்காரன் என்று நான் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட மேலே இல்லை. ஆறாம் மாடியில் மட்டும் சாயம் பூசும் இருவர் உள்ளறையில் இருந்தார்கள். பாதியில் விட்டால் பூச்சு திட்டுத் திட்டாகக் காய்ந்துவிடுமாம்.

"சரிக்கா, இவங்க ரெண்டு பேரையும் எழுதிக்கிறேன்."

"எழுதி? அடுத்த வாரம் இவங்க வேற சைட்டுக்குப் போயிருவாங்க, வேற ரெண்டு பேரு வருவாங்க. இந்த நேரத்துல தெனமும் மேல இருக்கிறது நான் ஒருத்திதான். என் பேர எழுதுங்க."

எழுதினேன். குமாஸ்தாவின் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் எழுதினேன். மற்ற பதினொரு பேரும் ஒரே நேரத்தில் இறங்காதபடி தேத்தண்ணி நேரத்தையும் இரண்டாகப் பிரித்தேன். மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "தண்ணி குடுக்குற பொம்பள நெருப்ப அணைக்கப் போறாளா? ஏதாச்சும் ஆச்சுன்னா ஒன் தலைதான்" என்றார். பயிற்சி அன்று எண்ணெய்த் தட்டில் தீ மூட்டிக் காட்டிய பொம்பா (தீயணைப்புப் படை) அதிகாரி, சாயத்தில் கலக்கும் தின்னர் பிடித்த தீயில் தண்ணீரை மட்டும் ஊற்றவே கூடாது, எரிகிற திரவம் பரவும் என்றார். "அப்ப என் கெட்டிலுக்கு வேலையில்ல" என்று அக்கா சொன்னதும் எல்லாரும் சிரித்தோம். அதற்குப் பிறகு படியேறும்போதெல்லாம் வாய்க்குள் முணுமுணுப்பார்: "ஊசி, அடி, அமுக்கு, வீசு." ஜெபம் என்றுதான் முதலில் நினைத்தேன். பயிற்சியில் சொன்ன தொங் பாடம் அது: ஊசியைப் பிடுங்கு, தீயின் அடியைக் குறிவை, அமுக்கு, இடமும் வலமும் வீசு.

சில வாரங்கள் போயிருக்கும். பத்தேகாலுக்கு ஆறாம் மாடி ஜன்னலில் கரும்புகை. இரும்பு அறுத்தபோது தெறித்த பொறி கந்தல் துணிக்குள் கனன்று கிடந்து, அந்த மாடி ஆட்கள் முதல் முறைத் தேத்தண்ணிக்கு இறங்கிய பிறகு தின்னர் டின்னைப் பிடித்திருக்கிறது. டின் இருந்தது உள்ளறை வாசலில். அந்த அறைக்கு வேறு வழி கிடையாது. உள்ளே சாயம் பூசும் புது ஆட்கள் இரண்டு பேர். நான் படிகளைத் தாவி ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது தீ இல்லை. வாசலெங்கும் தொங்கிலிருந்து பீறிட்ட வெள்ளை மாவு. அந்த இருவரும் சுவரில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தார்கள். அக்கா, தலைமுடியெல்லாம் மாவாக, காலித் தொங்கைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தார். படிக்கட்டு முனையில் கெட்டில் இருந்தது. மூடியைத் திறந்து பார்த்தேன். ததும்பத் ததும்பத் தண்ணீர்! பிள்ளைப் பிராயத்திலிருந்து தண்ணீர் சுமந்த கை அது. கண்ணெதிரே நெருப்பு, உள்ளே இரண்டு உயிர் அலறுகிறது, கையில் ஒரு கெட்டில் தண்ணீர். நானாக இருந்தால் ஊற்றியிருப்பேன். சத்தியமாக ஊற்றியிருப்பேன். அவர் அதை ஒரு துளி சிந்தாமல் கீழே வைத்துவிட்டுத் தொங்கை எடுத்திருக்கிறார். மோதிரம் போல அவர் விரலில் மாட்டியிருந்த வளையத்தை நான்தான் மெல்லக் கழற்றினேன். "அண்ணே, அந்தப் பிள்ளைங்களுக்குத் தண்ணி குடுங்க" என்றார்.

அக்கா இப்போது சிலிபினில் மகள் வீட்டில் இருக்கிறார், முழங்கால் வலியோடு. பயிற்சிச் சான்றிதழ் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. போன வாரம் ஜெலாப்பாங்கில் எனக்குப் புது சைட். எத்தனை பேருக்குப் பயிற்சி என்று கேட்டு, நிரப்பி அனுப்ப வேண்டிய அதே பாரம் வந்தது. போன் போட்டு, "அக்கா, எத்தனை பேருன்னு எழுதட்டும்?" என்றேன்.

"என்னையக் கேட்டா? பத்து மணிக்கு மேல ஏறிப் பாருங்கலா."

சாவிக்கொத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். நான்காம் மாடியில் ஓர் அம்மாள் தனியாகத் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். காலைக் கணக்கில் நான் அவரை எண்ணவே இல்லை. பாரத்தில் எண்ணிக்கைக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, அவர் பெயரைக் கேட்டேன்.