பஞ்சிகாவத்தையில் வாங்கிய முன்சில்லு ஹப்

2007 செப்டெம்பர் 4, செவ்வாய்க்கிழமை. அன்று எனக்கு அறுபத்தெட்டு வயதும் இருபது நாள்களும். பழைய காருக்கு மலிவாக ஹப், அதாவது சில்லின் நடுக்குடம், மாற்ற வழி கேட்டு எழுதும் வாசகர்களுக்காக அந்த நாளின் பயணத்தை எழுதுகிறேன். விலைகள் போர்க்காலத்தவை, வழி இன்றும் அதுவே.

எங்கள் காரின் இடது முன்சில்லு, வேகம் கூடினால் அரைக்கும் ஒலி எழுப்பியது. பெயாரிங்கை மாற்றியும் இரண்டு மாதத்தில் ஒலி திரும்பியது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் வேலைசெய்த மெக்கானிக் மணியம், பெயாரிங் அமரும் இடமே தேய்ந்துவிட்டது, ஹப்பைத்தான் மாற்ற வேண்டும் என்றார். புதியது பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபா. கணிதம் கற்பித்து ஓய்வூதியம் பெறும் ஒருத்திக்கு அந்தத் தொகை உவப்பாக இல்லை. கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழையது வாங்கலாம் என்று முடிவுசெய்தேன்.

மணியம் வரத் தயங்கினார். அவர் ஹட்டன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து ஜிந்துப்பிட்டியில் அறை எடுத்திருந்தவர். அடையாள அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. கையில் இருந்த தற்காலிகக் கடிதம் முந்திய வாரமே காலாவதியாகியிருந்தது. இராணுவச் சோதனையில் அகப்பட்டால் உள்ளேதான்.

“நீங்க போயிட்டு வாங்க மிஸ். நா சைஸ் எழுதித் தாரேன்.”

“என்னை ஏமாத்திப்போடுவாங்கள். நீர் வாரும். ஆரும் மறிச்சால் நான் பொறுப்பு. ஆனா உம்மட தோட்டத்துச் சிங்களத்தை அவிழ்த்துவிடாதையும். நான் கதைக்கிறன், நீர் வாய் திறக்கப்படாது.”

“சரிங்க மிஸ்.”

காலை 7.40க்குப் பஸ் ஏறினோம். புறக்கோட்டை வரை ஒன்பது கிலோமீற்றர், ஐம்பது நிமிடம். அங்கிருந்து முச்சக்கர வண்டிக்கு எண்பது ரூபா. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாக இலக்கங்களை ஒருவரும் மதிப்பதில்லை. கழற்றிய பழைய ஹப்பைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துத்தான் பொருத்தம் பார்ப்பார்கள். நான்காவது கடையில் பொருந்தியது. நாலாயிரத்து ஐந்நூறு சொன்னதை நான் மூவாயிரத்து இருநூறுக்கு இறக்கினேன்.

“அம்மா ஸ்கூல் டீச்சரா?” என்றார் கடைக்காரர்.

“ஏன்?”

“கொஞ்சமும் எரக்கமில்லாம மார்க் வெட்டுறீங்க.”

பெயாரிங் வளையத்தை அழுத்திப் பொருத்துவதற்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். எழுநூறு ரூபா, ஒரு மணி இருபது நிமிடம். என் தடையை மறந்து, மணியம் லேத்காரருடன் சிங்களத்தில் பகிடி விட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதர் மெசினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பல்கலைக்கழகத்தில் தேறிய என் சிங்களத்துக்கு ஒருநாளும் எவரும் சிரித்ததில்லை. அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். மாறாக, வெளியே வந்ததும் மீண்டும் எச்சரித்தேன்.

திரும்பும்போது, பிற்பகல் 1.25க்கு, கொள்ளுப்பிட்டியில் இராணுவத்தினர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒன்று. மணியத்தின் பையில் இரண்டு ஹப்புகள், ஏழெட்டுக் கிலோ இரும்பு. இது என்ன, எங்கிருந்து வருகிறாய் என்று சிப்பாய் கேட்டார். தன்னுடைய சரளமான சிங்களத்தில் இரண்டு வசனம் பேசியிருந்தால் தப்பியிருப்பார். அவரோ நான் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார். ஊமையா என்று ஒருவர் அதட்டினார். கடிதத்தைப் பார்த்ததும் ஒரு பக்கமாக நிறுத்தினார்கள். சாரதி காத்திருக்கவில்லை. நான் 2.10க்கு வீடு சேர்ந்தேன்.

நான்காம் நாள் காலை மணியம் அதே பையுடன் வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. காரின் கீழே படுத்து, நாற்பது நிமிடத்தில் ஹப்பைப் பூட்டினார்.

“ஒவ்வொரு ஆபீசரா ரெண்டையும் தூக்கித் தூக்கிப் பாத்தாங்க மிஸ். தேஞ்சது எதுன்னு ஒருத்தருக்கும் தெரியல” என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு, “ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். பொம்பளைங்க பக்கம் யாருமே போகல போல.”

“ஓம்” என்றேன்.

இனி, போக இருப்பவர்களுக்கு. பழைய ஹப்பைக் கழற்றித் துடைத்துக் கொண்டுபோங்கள். வாங்கப்போகும் ஹப்பில் பெயாரிங் அமரும் இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் இடறினால் வேண்டாம். தட்டையான கண்ணாடிமேல் வைத்து, ஆடுகிறதா என்று பாருங்கள். வளையத்தைச் சுத்தியலால் அடித்து இறக்க விடாதீர்கள். ஒருவருடைய தொழிலறிவை நம்பி அழைத்துப் போனால், அவருடைய வாயையும் நம்புங்கள். அந்த ஹப் இன்னும் ஒன்பது வருடம் சத்தமின்றி ஓடியது; செலவில் பதினாயிரம் ரூபாவுக்கு மேல் மிச்சம்.

மணியம் சென்ற வருடம் ஹட்டனில் இறந்துவிட்டார். ஆகவே எழுதலாம். அன்று பெண்கள் வரிசைக்கும் வந்தார்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து இறங்கியதைக் கண்ட இளம் சிப்பாய் ஒருவர், மிக மரியாதையாக, “நோனா, இவர் உங்களோடு வந்தவரா?” என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், யாரென்று தெரியாது என்று பிழையில்லாத சிங்களத்தில் பதில் சொன்னேன்.