வாசித்தியின் பேருந்து

படகு கவிழ்ந்து கணவன் கடலோடு போனதிலிருந்து வாசித்தி சர்ச் பக்கமே போவதில்லை. ஊரே முழங்காலிட்டு ஜெபித்தும் அவன் திரும்பவில்லை. அத்தோடு கடவுளுக்கும் தனக்கும் பேச்சு இல்லை என்று முடிவு கட்டிவிட்டாள். அந்தத் தீவு நாட்டின் சிற்றூரான தவுவாவில் பள்ளி விடுதிச் சமையல் அவளுக்கு வேலை. மார்பில் வந்த கட்டி புற்றுநோய்தான் என்று தெரிந்ததும் பாதிரியார் வீடு தேடி வந்தார்.

“அவருக்காக ஜெபிச்சதே போதும் ஐயா. டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க” என்றாள்.

மருந்து ஏற்ற லவுத்தோக்கா நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போகவேண்டும். துணைக்கு வருகிறேன் என்ற தங்கையையும் அதட்டி நிறுத்திவிட்டுத் தனியாகவே பேருந்து ஏறினாள்.

முதல்முறை மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில், ‘பா’ ஊரைத் தாண்டியதும் வாயைப் பொத்திக்கொண்டாள். சன்னல் பக்கம் திரும்புவதற்குள் மடியெல்லாம், தரையெல்லாம் வாந்தி. பேருந்து நின்றது. அவமானம் தாங்காமல் எழுந்தாள்.

“நான் இறங்கிக்கிறேன். மெதுவா நடந்து போயிடுவேன்.”

“எங்க நடப்பீங்க, கரும்புக்காட்டுக்குள்ளயா? உக்காருங்கக்கா” என்றான் ஓட்டுநர் இம்தியாஸ். தண்ணீர்க் கேனை எடுத்து வந்து அவனே தரையைக் கழுவிவிட்டான். நேரமாகிறது என்று ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

பின்னாலிருந்து மீன் கூடைக்காரி மக்கெரெத்தா வந்து, தன் தோளில் கிடந்த துணியால் வாசித்தியின் முகத்தைத் துடைத்தாள். “பிறந்த ஊரு எது?” என்று கேட்டாள். வாசித்தி தன் தீவின் பெயரைச் சொன்னாள்.

“அடிப் பாவி, உங்க தீவுக்கும் எங்க தீவுக்கும் காலங்காலமா கேலி முறையாச்சே! உங்க ஊர்க்காரிங்க தின்னாலும் ஊரைக் கூட்டித்தான் தின்பாங்க. வாந்தி எடுக்கவும் ஊரைக் கூட்டணுமா?”

பேருந்து முழுக்கச் சிரிப்பு. வாசித்திக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது.

அதன்பின் அவள் வரும் நாள்களில் முன் இருக்கையில் வேறு யாரும் உட்காரவில்லை. பக்கத்தில் ஒரு வாளி இருக்கும். யாராவது உப்பும் மிளகாயும் தடவிய மாங்காய்க் கீற்று நீட்டுவார்கள், வாய்க்கசப்புக்கு. முடி உதிர்ந்தபோது மக்கெரெத்தா, “உரிச்ச தேங்காயே, இங்க பாரு” என்று கூப்பிட்டுக் காதோரம் ஒரு செம்பருத்தியைச் செருகினாள்.

ஒருநாள் இம்தியாஸ், “தொழுகையில உங்க பேரையும் சொல்றேங்கக்கா” என்றான்.

“உன் அல்லாவுக்கு என்னைத் தெரியுமாக்கும்?”

“தெரியாமப் போயிடக்கூடாதுன்னுதான் உங்க ஊரையும் சேர்த்துச் சொல்றேன்.”

மழைக்காலத்தில் ஒருமுறை வேறொருவன் பேருந்தை ஓட்டி வந்தான். இம்தியாஸின் மகளுக்கு டெங்கு, நிலைமை மோசம் என்றான். மருத்துவமனையில் கையில் ஊசி ஏறியதும் கண்ணை மூடினாள். எத்தனையோ வருஷம் கழித்துப் பேசுவதால் எப்படித் தொடங்குவதென்றே தெரியவில்லை.

“உங்கிட்ட எனக்கு இன்னும் கோவம் இருக்கு. அது கிடக்கட்டும். அந்தப் பிள்ளையைப் பாத்துக்க” என்றாள் முணுமுணுப்பாக.

கண்ணைத் திறந்தபோது தான் கடவுளோடு பேசிவிட்டோம் என்பது உறைத்தது. தனக்கென்று எதுவுமே கேட்கவில்லை என்பதும்.

அடுத்தமுறை பேருந்தில் இம்தியாஸ் இருந்தான். “பொண்ணு எழுந்து உக்காந்துட்டாக்கா. ரொட்டி கேட்டு அடம் பிடிக்கிறா.”

“நானும் அவளுக்காகச் சொல்லி வச்சிருந்தேன்” என்றாள் வாசித்தி. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.

கட்டி சுருங்கியது; முழுதாகப் போகவில்லை. இனி மாத்திரையோடுதான் காலம் தள்ளவேண்டும் என்றார் மருத்துவர். “சரி, தள்ளுவோம்” என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த ஞாயிறு சர்ச்சுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பாதிரியார் பார்த்தும் பார்க்காததுபோல் பாட்டைத் தொடங்கினார். இரண்டாவது அடியில் அவளும் சேர்ந்துகொண்டாள். குரல் கரகரத்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.