வெட்டுப்பட்ட பின்லாந்துக்காரன்

செம்பூருக்குக் குடி வந்த புதுசுல எனக்கு ஒரு சந்தேகம். இந்த பில்டிங்குல நெசமாவே ஆள் இருக்கா, இல்ல கதவை மட்டும் செஞ்சு மாட்டி வச்சிருக்கானுவளா? தாராவியில இருந்தப்ப தனியா இருக்கணும்னு ஆசைப்பட்டாலும் நடக்காது. அடுத்த வீட்டுக்காரி தும்முனா நம்ம வீட்டுத் தட்டு ஆடும். இங்க ஆறாவது மாடி. மகனும் மருமகளும் காலையில ஆபீசுக்குப் போனா, பொழுது சாஞ்சப்புறந்தான் சாவி சத்தம் கேக்கும். நடுவுல நானும் ஃபிரிட்ஜும்தான். அதுவாவது அப்பப்ப உர்ருன்னு ஒரு வார்த்தை பேசும்.

ஒரு நாளு இன்டர்காம்ல வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "அரே பாயி, பானி ஆத்தா க்யா?"ன்னு கேட்டேன். தண்ணி என்னவோ எங்க வீட்டுக் குழாயில கொட்டிக்கிட்டுத்தான் இருக்கு. சும்மா ஒரு மனுசக் குரலைக் கேக்கலாமேன்னு ஒரு ஆசை. ரெண்டு மூணு நாளு இப்படிக் கேட்டதுல, பாவி பிளம்பரையே அனுப்பி வச்சிட்டான்.

அப்பத்தான் ஒரு மத்தியானம் எதுத்த வீட்டுல சண்டைச் சத்தம். அந்த வீட்டுக்காரரு மாட்டுங்காவுல பொறந்து வளந்து, டிராம்பே பக்கம் ஆபீசுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. வீட்டுக்காரம்மா போய்ச் சேந்தாச்சு. ஒரே மக, பூனாவுல. ஒத்தையில இருக்க மனுசன் யாரு கூடச் சண்டை போடுதாருன்னு கம்பிக் கதவு வழியா எட்டிப் பாத்தேன்.

மேசை நெறைய ஒரு படத்தை விரிச்சு வச்சிருக்காரு. இந்தப் பக்க நாற்காலியில உக்காந்து, ஆறு பக்கமும் புள்ளி வச்ச ரெண்டு பாய்ச்சிக்கட்டையை உருட்டுதாரு. எந்திரிச்சு அந்தப் பக்க நாற்காலிக்குப் போயி, "அசடே, அங்க கொண்டுபோயா நிறுத்துவா?"ன்னு திட்டுதாரு. திரும்ப இந்தப் பக்கம் வந்து உக்காந்து மூஞ்சியத் தொங்கப் போடுதாரு.

"சார்வாள், யாரு செயிச்சது?"ன்னேன்.

திடுக்குன்னு திரும்பினாரு. "ரஷ்யா"ன்னாரு.

"அப்ப நீங்க இப்ப சிரிக்கணுமா, அழணுமா?"

அவருக்கே சிரிப்பு வந்துட்டு. "உள்ள வாங்கோ ஆச்சி"ன்னு கதவைத் தொறந்தாரு.

அது ஒரு சண்டை விளையாட்டாம். படம் முழுக்க தேன்கூடு மாதிரி ஆறு மூலைக் கட்டம். பனி, ஊசி மரம், நாலஞ்சு மரவீடு. எலிப்பல்லு கணக்கா பொடிப்பொடி அட்டைக் காய். மண்ணு கலரு ரஷ்யாக்காரன், வெளுத்தவன் பின்லாந்துக்காரன்.

"பின்லாந்துன்னா எங்க கெடக்கு? விரார் ஸ்டேசனைத் தாண்டியா?"

"ரஷ்யாவுக்குப் பக்கத்தாத்துல."

"பக்கத்து வீடா? அப்ப சண்டை வராம எப்படி இருக்கும்?"

முன்னால இவரு கூட ஆட ஒரு சிநேகிதர் மாட்டுங்காவுலருந்து வருவாராம். அவரும் போய்ச் சேந்துட்டாரு. "அதுலேர்ந்து ரெண்டு நாற்காலியும் நான்தான்"ன்னு சொல்லிட்டு, கண்ணாடியத் தொடைக்கிற மாதிரி கண்ணைத் தொடைச்சாரு. நான் அந்தப் பக்க நாற்காலியில போயி உக்காந்தேன்.

எனக்கு இங்கிலீசு ஒரு எழுத்து ஓடாது. ஆனா காய் நகத்த என்னத்துக்கு இங்கிலீசு? எனக்குப் பின்லாந்தைக் குடுத்தாரு. ஆள் கம்மி. ஆனா காலுல நீளமா கட்டையைக் கட்டிக்கிட்டு பனியில வழுக்கிக்கிட்டுப் போவானுவ, அதனால ஓட்டம் சாஸ்தி. கடைசிச் சுத்து முடியிறவரைக்கும் ஒரு மரவீட்டையாவது விட்டுக் குடுக்காம நின்னா நமக்கு செயம். இன்னொரு வித்தை, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கேள்விக்குறி போட்ட அட்டை ஒண்ணு. அதை மேல வச்சு மூடிட்டா கீழ ஆள் இருக்கானா, வெறும் அட்டையான்னு எதிராளிக்குத் தெரியாது. கிட்ட வந்து பாத்தாத்தான் தெரியும்.

"இது எங்கயோ பாத்த மாதிரி இருக்கே"ன்னேன்.

"எங்க?"

"நம்ம பில்டிங்குலதான். ஒவ்வொரு கதவு மேலயும் இந்த அட்டைதான் ஒட்டியிருக்கு. யாருதான் கிட்ட வந்து பாக்கா?"

மொத ஆட்டத்துலயே தகராறு. அவரு உருட்டி என் ஆளு ஒருத்தனைச் சாச்சுட்டாரு. காயை எடுத்து டப்பாவுல போடப் போனாரு. நான் வெடுக்குன்னு பிடுங்கிக் கையில வச்சுக்கிட்டேன். அடுத்து எனக்கு ஒரு கட்டையில ஒத்தப் புள்ளி விழுந்துது. "தாயம்!"னு கத்திக்கிட்டு அவனைத் திரும்பப் படத்துல இறக்கிட்டேன்.

"என்ன ஆச்சி இது? செத்தவன் எப்படித் திரும்பி வருவான்?"

"இவன் எங்க செத்தான்? வெட்டுப்பட்டிருக்கான். தாயம் விழுந்தா இறங்க வேண்டியதுதான?"

"ரூல் புக்குல அப்படி இல்லியே."

"ஒங்க புக்குல இல்லாட்டி நான் என்ன செய்ய? எங்க தாய ஆட்டத்துல யாரும் சாவுறது கெடயாது சார்வாள். வெட்டுப்பட்டா கையில வந்து உக்காந்திருப்பான், நேரம் வந்தா இறங்குவான்."

புக்கை எடுத்தாரு. வச்சாரு. நான் உக்காந்திருந்த நாற்காலியவே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்தாரு. பொறவு மெல்லமா, "ஒரு சமயத்துல ஒருத்தன்தான். ரெண்டு பேரைக் கொண்டுவரப்படாது"ன்னாரு.

அன்னையிலருந்து தெனம் மத்தியானம் எனக்குச் சோலி இருந்துது. மருமக, "அத்தே, பகல்ல போன் அடிச்சா ஏன் எடுக்க மாட்டேங்கிறீங்க?"ன்னா. "ரஷ்யாக்காரன் ஆத்தைத் தாண்டிட்டாம்மா"ன்னேன். பயந்துபோயி அவ எம் மகன்கிட்டச் சொல்ல, அவன் வந்து என் நெத்தியத் தொட்டுப் பாத்தான்.

அப்படி ஓடிக்கிட்டிருந்த ஆட்டத்துக்குத்தான் ஒரு நாளு நெசமாவே வெட்டு விழுந்துது. காப்பித் தம்ளரை எங்கிட்ட நீட்டிக்கிட்டே சொன்னாரு. "பொண்ணு வரச் சொல்லிண்டே இருக்கா. இந்த ஃபிளாட்டையும் வித்தாச்சு. மாசக் கடைசியில பூனா போறேன்."

"நல்ல ஊருதான்"ன்னேன். நான் அங்க போனதே இல்ல.

"அதுக்குள்ள இந்த ஆட்டத்தை முடிச்சுடணும் ஆச்சி. பாதியில மடிச்சு வச்சா மனசு கேக்காது."

எனக்கோ முடிக்கவே மனசில்ல. முடிஞ்சா என்ன? படத்தை மடிப்பாரு, கதவைச் சாத்துவாரு, நான் திரும்ப பானி ஆத்தா க்யா கேக்கணும். அதனால என் ஆட்டம் அப்படியே ஊர்ந்துது. ஒரு காயைத் தொட்டுட்டு, சாவித்திரி விரதம் இருக்கவ மாதிரி கண்ண மூடி உக்காந்திருப்பேன். முழங்கால் வலிக்குன்னு பாதியில எந்திரிச்சு வந்துருவேன். வந்து எங்க வீட்டு சன்னல்ல சும்மா நிப்பேன்.

கடைசி நாளும் வந்துட்டு. வீடு பூரா அட்டைப் பெட்டி. மேசையும் ரெண்டு நாற்காலியும் மட்டும் மிச்சம். கடைசி மரவீட்டுல எனக்கு ஒரே ஒருத்தன். அவரு உருட்டுனாரு, அவனும் வெட்டுப்பட்டுட்டான். கையில எடுத்து வச்சுக்கிட்டேன். நான் உருட்டுனேன். நாலும் அஞ்சும். அந்நேரம் மக உள்ள வந்து, "அப்பா, டெம்போ வந்துடுத்து. இன்னும் விளையாட்டா?"ன்னா.

"அப்போ ரஷ்யா ஜெயிச்சுடுத்துன்னு வச்சுக்கலாமா ஆச்சி?"

"அது எப்படி? தாயம் இன்னும் விழலியே."

சிரிச்சாரு. படத்தை மடிச்சாரு. நான் எந்திரிச்சு வீட்டுக்கு வந்துட்டேன். லிஃப்ட் இறங்குற சத்தம் நிக்கிறவரைக்கும் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். பொறவு அந்த வீட்டுல பூட்டு தொங்குச்சு. மேல கேள்விக்குறி, கீழ வெறும் அட்டை. அது எனக்கு நல்லாத் தெரியும், ஆனாலும் போறப்ப வாறப்ப எட்டிப் பாக்கத்தான் செஞ்சேன்.

அடுத்த ஞாயித்துக்கெழம போன் வந்துது.

"ஆச்சி, ஒரு காய் குறையறது. பின்லாந்துக்காரன்."

"அய்யய்யோ, டெம்போவுல விழுந்திருக்குமோ?"

"உங்காத்துல கட்டிலுக்கு அடியில பாத்தேளா?"

"குனிய முடியல சார்வாள்."

"மடியில பாத்தேளா?"

நான் மடியத் தடவிப் பாத்தேன். சுருக்குப் பையில பாக்கு கூட அவனும் பத்திரமாத்தான் கெடந்தான்.

"இருக்கட்டும். வெட்டுப்பட்டவன் கையிலதானே இருக்கணும்"ன்னாரு. "உங்க பாய்ச்சிக்கட்டையை இங்க நான் உருட்டறேன். தாயம் விழுந்தாச் சொல்றேன்."

போன்ல கடகடன்னு கட்டை உருண்டுது. "ரெண்டும் அஞ்சும்"ன்னாரு. பொறவு பூனாவுல குளிருதுன்னாரு, அங்க காப்பி சரியில்லன்னாரு, எங்க குழாயில தண்ணி வருதான்னு கேட்டாரு.

இப்ப எல்லா ஞாயித்துக்கெழமையும் உருட்டுதாரு. இதுவரைக்கும் ஒரு தடவ கூட ஒத்தப் புள்ளி விழலியாம். ரெண்டு கட்டையில இத்தனை வாரமா ஒண்ணுல கூட விழலைன்னா, அதை யாரு நம்புவா? ரூல் புக்கை விட்டு ஒரு எழுத்து நகராத மனுசன் எப்ப இப்படிப் பொய் பேசப் படிச்சாருன்னு எனக்குத் தெரியல.

நானும் கேக்கல. "நல்லாக் குலுக்கிப் போடுங்க சார்வாள்"னு மட்டும் சொல்லுவேன்.