ஈறு வியாதிக்கு வலி கிடையாது

பல் வலித்தால் மனிதர்கள் ஓடி வருவார்கள்; ஈறு வலிக்காது என்பதால், என் போன்ற ஈறு டாக்டர்களிடம் எல்லாம் முடிந்த பிறகுதான் நடந்து வருவார்கள். பல் தேய்த்துத் துப்பும்போது எச்சிலில் ரத்தத்தைப் பார்த்தும், பிரஷ்ஷைக் குற்றம் சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்ட அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். எனக்கும் உண்டு. அதனால் தென்காசியில் கிளினிக் வைத்து நான் பார்த்தவற்றில் சிலவற்றை உங்களிடம் கூச்சமில்லாமல் சொல்லலாம்.

ஏட்டையாவின் மார்க்

வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு ரிட்டயர்டு ஏட்டையா, மனைவியின் சொத்தைப் பல்லைக் காட்டக் கூட்டிக்கொண்டு வந்தார். சோடா மூடியைப் பல்லாலேயே திறக்கிறவர். மனைவிக்குப் பார்த்து முடித்ததும், "எனக்கும் சும்மா பாத்து ஒரு சர்டிபிகேட் குடுங்கம்மா" என்று சிரித்துக்கொண்டே நாற்காலியில் ஏறிவிட்டார்.

ஈறைப் பார்க்க எங்களிடம் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெதுவாக இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்ப்போம். மூன்று வரை போனால் பயமில்லை. நான் ஒவ்வொரு பல்லாக அளந்து எண்ணைச் சொல்லச் சொல்ல, உதவியாளர் செல்வி எழுதுவாள். சற்று முன் அவர் மனைவிக்கு இரண்டு, மூன்று என்றே வந்திருந்தது. இவருக்கு ஏழு, எட்டு, ஒன்பது. கம்பியை நான் வெளியே எடுத்ததும் மனைவி பக்கம் பெருமையாகத் திரும்பி, "பாத்தியா, நீ மூணைத் தாண்டல" என்றார்.

எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன். வேரைப் பிடித்திருக்க வேண்டிய எலும்பு பாதிக்கு மேல் கரைந்திருந்தது. எங்கள் கணக்கில் அது நான்காவது நிலை, அதாவது கடைசி நிலை. சிரிப்பு நின்றுவிட்டது. படத்தை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மார்க்கு கூடக் கூட பெயிலுன்னா, இது எந்த ஊர்க் கணக்கும்மா?"

சாரல் முடியட்டும்

குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் வந்தார். ஈறில் ஒரே சமயத்தில் நாலைந்து இடத்தில் சீழ்க்கட்டி. அழுக்கு மட்டுமே காரணமாக இருந்தால் இப்படிக் கிளம்பாது. ஈறை வைத்தே சர்க்கரையைச் சந்தேகப்படலாம் என்பது எங்கள் படிப்பில் உண்டு. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது.

"அண்ணாச்சி, உடனே ரத்தம் குடுத்து சுகர் பாத்துருங்க" என்றேன்.

"பல்லு பாக்க வந்தா பல்லை மட்டும் பாருங்க டாக்டர். அங்கன சாரல் அடிக்கி, கடையில நிக்க எடமில்ல. சீசன் முடியட்டும்."

சீழை எடுத்து மருந்து கொடுத்தேன். வீக்கம் வடிந்துவிட்டது, அதோடு வியாதியும் போய்விட்டதாக நினைத்துக்கொண்டார். அப்புறம் நான் போன் போட்டபோதெல்லாம் எண்ணெய் கொதிக்கிற சத்தம்தான் அதிகமாகக் கேட்டது. அருவியில் தண்ணீர் குறைந்து கூட்டம் கலைந்த பிறகு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். வலது காலில் பெரிய கட்டு. ஆறாத புண்ணால் கட்டைவிரலை எடுத்துவிட்டார்களாம். நாற்காலியில் உட்கார்ந்து கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி சொன்னார்: "பல்லு டாக்டர் எதுக்கு சுகரைப் பத்திக் கேக்காவன்னு அன்னைக்கு நெனைச்சேன். இப்ப கால் டாக்டர், பல்லைக் காட்டினியான்னு கேக்காரு."

ஏமாற்றிய ஈறு

செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு லாரி ஓட்டுகிற ஒருவர். நாற்பது வயது இருக்காது. கடைவாய்ப் பற்கள் ஆடுகின்றன என்று வந்தார். ஈறில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. கம்பியை விட்டால் மட்டும் ஆழமாகப் போகிறது. பீடிக்காரர்களுக்கு இப்படித்தான். புகை ஈறின் ரத்த ஓட்டத்தைச் சுருக்கிவிடும்; உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்க, வெளியே ஈறு நல்ல பிள்ளையாக இருக்கும்.

இரண்டு பல்லை எடுத்தாக வேண்டும் என்று விளக்கிச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்த பீடிக் கட்டைத் தடவிக்கொண்டு சொன்னார்: "ரத்தம் வந்திருந்தா பயந்தாவது வந்திருப்பேன் டாக்டர். இந்தச் சனியன் அதையும் அடைச்சுட்டுல்லா!"

அக்காவும் தங்கச்சியும்

இலத்தூர் மகேஸ்வரியை அவள் அம்மா கூட்டிக்கொண்டு வந்தது, நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் முன்பல் இடைவெளியை அடைப்பதற்காக. பற்களில் காரை இல்லை, கறை இல்லை. ஆனால் முன்பல்லிலும் முதல் கடைவாய்ப் பல்லிலும் கம்பி இறங்கிக்கொண்டே போனது. இருபத்திமூன்று வயதுப் பெண்ணுக்கு அது நடக்கக் கூடாது.

ஈறு வியாதியில் நாங்கள் இரண்டு கேள்வி கேட்போம். எவ்வளவு போயிருக்கிறது என்பது ஒன்று. அதற்கு ஒன்றிலிருந்து நான்கு வரை நிலை. எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது இன்னொன்று. அதற்கு ஏ, பி, சி. மகேஸ்வரிக்கு சி, அதாவது மிக வேகம். வயதானவர்களுக்கு ஆயுள் முழுக்கக் கரைகிற எலும்பு இவளுக்குச் சில வருஷத்தில் கரைந்திருந்தது. இந்த வகை ஒரே குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கலாம் என்பதால், பத்தாவது படிக்கிற தங்கை பேச்சியையும் கூட்டி வரச் சொன்னேன்.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "மாப்ள வீட்டுல காதுல விழுந்தா குடும்பத்துக்கே வியாதின்னுல்லா சொல்லுவாவ! மூத்தவளுக்குப் பாருங்க, போதும். சின்னவளை இதுல இழுக்காதீங்க."

கல்யாணம் வரைக்கும் மகேஸ்வரி ஒழுங்காக வந்தாள். பிறகு திருப்பூர் போய்விட்டாள். அங்கே ஒரு டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். புகுந்த வீட்டில் காரணம் சொல்ல வேண்டுமே என்று அவள் போகவில்லை. குழந்தை பிறந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு நாள் கிளினிக்குக்கு வந்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசினாள். மேல் முன்பல் ஒன்று விழுந்திருந்தது. பக்கத்தில், பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்த பேச்சி, யூனிபார்மோடு.

"பண்பொழி கோயிலுக்குப் போயிட்டு வாறோம்னு அம்மைகிட்ட சொல்லியிருக்கேன். எனக்கு அப்புறம் பாக்கலாம் டாக்டர். முதல்ல இவளைப் பாருங்க."

பார்த்தேன். பேச்சிக்கும் தொடங்கியிருந்தது. ஆனால் தொடக்கம்தான், எலும்பு நிற்கிறது, எல்லாப் பல்லையும் காப்பாற்றிவிடலாம். அதைச் சொன்னதும் மகேஸ்வரி அழுதுவிட்டாள். கண்ணைத் துடைக்கப் போன கை வாயை மறந்துவிட்டது. அந்த இடைவெளியோடு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எங்க வீட்டுல ஒருத்தியாவது நேரத்துக்கு வந்துட்டாள்லா டாக்டர்."

இத்தனையும் பார்த்த பிறகும், எங்கள் கிளினிக் போனில் அதிகம் பேர் கேட்கிற கேள்வி, பல்லை எவ்வளவு சீக்கிரம் வெள்ளையாக்கித் தருவீர்கள் என்பதுதான்.