ஒரு சிட்டிகை மடு மண்

போன வாரம் அம்மாவை மடு மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாதாவைக் கும்பிட்டார், மெழுகுதிரி கொளுத்தினார்... எல்லாம் வழக்கம்போலத்தான். திரும்பும்போதுதான் கவனித்தேன் — ஷொப்பிங் பை நிறைய மடு மண்!

மடு மண் எங்கள் வீடுகளுக்குப் புதிதல்ல. காவலுக்கென்று வாசலில் தூவுவோம். கடலுக்குப் போகும் வள்ளத்தில் முடிந்து வைப்போம். அதற்கெல்லாம் ஒரு சிட்டிகை போதும். பை நிறைய எதற்கு?

“தங்கச்சியின்ர வேலைக்குத்தான் தம்பி. போனமுறை அந்தப் போத்தலுக்குள்ள ஒரு சிட்டிகைதான் போட்டனான். அதாலதான் சரிவரேல்லை,” என்றார் அம்மா.

காரை ஓரங்கட்டி, என்ன நடந்தது என்று கேட்டேன்.

என் தங்கை ஜெசிந்தா பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் படிப்பிக்கிறாள். எரிபொருளுக்கு வரிசையில் காய்ந்தோமே, தலைமன்னாரில் வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்தனவே — அந்த நாட்களில் அவளுக்குப் பிடித்த வெறி இது. வைக்கோலிலும் பனந்தும்பிலும் இருந்து எதனோல் எடுப்பது. எஞ்சினை ஓட்டக்கூடிய எதனோல்!

வைக்கோலில் இருக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதியைச் சாதாரண ஈஸ்ட் தொட்டும் பார்க்காதாம். அதனால் ஒரு பக்டீரியாவின் மரபணுவை மாற்றி, எல்லாச் சர்க்கரையையும் எதனோலாக்கும்படி செய்தாள். சின்னப் போத்தலில் அருமையாக வேலை செய்தது. கொழும்பிலிருந்து வரும் நிபுணர்களுக்குப் பெரிய தாங்கியில் செய்துகாட்டினால் ஆராய்ச்சி தொடரும். இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள்.

ஆனால் அந்தப் பக்டீரியா ஒரு செல்லப் பிள்ளை. வெளிக்கிருமி உள்ளே வந்தால் அதோடு போட்டி போடத் தெரியாது.

செய்துகாட்டும் நாள் நெருங்கியபோது அம்மா அவளுக்குச் சோறு கட்டிக்கொண்டு போயிருக்கிறார். “என்னதான் செய்யிறாய், ஒருக்காக் காட்டன் பிள்ளை.” ஆசையாகக் கேட்கும் தாய்க்கு யார்தான் கதவைச் சாத்துவார்கள்? ஜெசிந்தா ஆய்வுகூடத்துக்குள்ளே விட்டாள். அவள் போன் எடுக்கத் திரும்பிய நேரம், அம்மா போத்தலின் பஞ்சடைப்பைக் கழற்றி, சேலைத் தலைப்பில் முடிந்திருந்த மண்ணைப் போட்டு, சிலுவை அடையாளமும் போட்டு, பழையபடி மூடிவிட்டார்.

அந்தப் போத்தலைத்தான் பெரிய தாங்கிக்குள் ஊற்றினார்கள். மண்ணோடு வந்த கிருமிகளுக்குக் கொண்டாட்டம்! கொழும்பு நிபுணர்கள் முன்னால் தாங்கியைத் திறந்தபோது குப்பென்று புளிச்ச மணம். எதனோல் அல்ல — அமிலம்.

“என்ர கவனக்குறைவு,” என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டாள் ஜெசிந்தா. அன்றிலிருந்து, “எனக்கு இந்த வேலை சரிவராது அண்ணா,” என்பதே அவளுடைய பல்லவி.

காருக்குள் அம்மா சொன்னதை அன்று மாலையே போனில் அவளிடம் சொன்னேன்.

“அப்ப... நான் பிழை விடேல்லையா அண்ணா?”

அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு அழுதாள்.

“இப்பவாவது போய் உண்மையைச் சொல்லன்,” என்றேன்.

“அம்மா மடு மண் போட்டவ எண்டோ? உள்ள விட்டது நான்தானே. எல்லாம் மூடியாச்சு அண்ணா. சாமான்களையும் ஏத்திக்கொண்டு போட்டினம். அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ, தாங்கமாட்டா.”

அன்பாகச் செய்ததைக் கோபிக்கவும் முடியவில்லை, சரியென்று விடவும் முடியவில்லை. ‘இதைப் போடலாமா பிள்ளை?’ — இந்த ஒரு கேள்வியை அம்மா கேட்டிருக்கக்கூடாதா? ஆனால் நாங்கள் மட்டும் என்ன? எங்கள் வேலை என்னவென்று வீட்டில் இருப்பவர்களுக்கு என்றைக்காவது விளங்கச் சொல்கிறோமா? ‘உங்களுக்கு விளங்காது’ என்று கடந்துவிடுகிறோம். அவர்களும் தங்களுக்குத் தெரிந்த வழியில் உதவி செய்துவிடுகிறார்கள். நினைக்க நினைக்க மனம் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜெசிந்தா வீட்டுக்கு வந்தாள். அம்மா அந்தப் பையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார்.

“இந்தமுறை தாராளமாப் போடு பிள்ளை.”

“ஓம் அம்மா,” என்று வாங்கிக்கொண்டாள்.

போடுவதற்குப் போத்தல்தான் இல்லை.