மஞ்சள் வைத்த மழைக்கோட்டு

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆனி மாதம். போடியிலிருந்து விடியும் முன்னே ஜீப் ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தோம். ஒரே ஜீப்பில் ஏழு பெண்கள். மலையில் மழை பிடித்தால் லேசில் விடாது. உரச்சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, செடியின் தூரில் குத்தவைத்துக் காய் பறிப்போம். முதுகும் நனையும், இடுப்பும் நனையும். சாயங்காலம் இறங்கும்போது ஊறப்போட்ட துணி மாதிரி இருப்போம்.

அந்த நேரம் பார்த்து என் செல்போனில் ஒரு விளம்பரம் வந்தது. தோட்ட வேலை செய்யும் பெண்களுக்கென்றே தைத்த மழைக்கோட்டாம், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்காதாம். எங்கள் ஜீப்பில் ஆன்லைனில் வாங்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. "எனக்கும் ஒண்ணு போடு, எனக்கும் ஒண்ணு போடு" என்று ஆளாளுக்குச் சொல்ல, ஏழு கோட்டையும் என் பெயரிலேயே ஆர்டர் போட்டேன்.

பார்சல் வந்த சாயங்காலமே பிரித்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் எல்லோரும் ஜம்மென்று போட்டுக்கொண்டு வந்தார்கள். புதுத்துணி என்றால் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைக்காமல் உடுத்த மாட்டார்கள் இல்லையா? ஆறு கோட்டிலும் மஞ்சள் இருந்தது. நாங்கள் முஸ்லிம் குடும்பம், எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. "ஒன் கோட்டு மட்டும் மொட்டையா இருக்கேடி" என்று ஜீப் முழுக்க ஒரே கேலி.

அன்றைக்கே மழை பெய்தது. நான் குத்தவைத்து உட்கார்ந்து காய்க்குக் கையை நீட்டியதும், அக்குளில் தையல் விட்டுப்போனது. எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தால், சாப்பாட்டு நேரத்துக்குள் ஏழு பேருக்கும் அதே இடத்தில் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் நின்றது. அதற்குச் சாக்கே தேவலை.

எங்களில் மூத்தவரான ஓர் அக்காவுக்கு அன்றைக்கு நனைந்ததில் காய்ச்சல் வந்து, வேலைக்கே வர முடியாமல் படுத்துவிட்டார். பார்க்கப் போனேன். "போகட்டும் விடுத்தா, நம்ம ராசி அம்புட்டுத்தான்" என்றார். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. என் பேச்சை நம்பி வாங்கியவர் இப்படிச் சொன்னதும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ராசியாவது ஒன்றாவது! மட்டமான நூலில் தைத்து விற்றவனுக்கு நம் ராசியா பொறுப்பு?

கொடுத்திருந்த கெடுவுக்குள் ஏழையும் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பதிவு செய்தேன். வாங்கிப் போக வந்த தம்பி ஒவ்வொன்றாக விரித்துப் படம் எடுத்தார். முகம் சுருங்கிவிட்டது. "அக்கா, ஆறுல கறை இருக்கு. கறை இருந்தா எடுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க. ஒங்களோடது மட்டும் சுத்தமா இருக்கு, அத வேணா குடுங்க" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் நான் என் கோட்டை மட்டும் கொடுத்துவிட்டு, மறுநாள் எந்த முகத்தோடு அந்த ஜீப்பில் ஏறுவது? "எடுத்தா ஏழையும் எடுங்க. இல்லாட்டி ஒண்ணும் வேணாம்" என்று அனுப்பிவிட்டேன்.

கம்பெனிக்குப் போன் செய்தால், வார்த்தைக்கு வார்த்தை மேடம் போட்டுக்கொண்டே, பயன்படுத்திக் கறைப்படுத்திய பொருளுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். "ஏங்க, மஞ்ச வச்சா அக்குள்ல தையல் விடுமா?" என்று கேட்டேன். அதுதான் விதிமுறை என்றார்கள். அன்றைக்கே, அந்தக் கோட்டுக்குக் கீழே கருத்து எழுதும் இடத்தில் ஏழு கிழிசலையும் படம் பிடித்துப் போட்டு, நடந்ததை எழுதினேன். ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தேன். அதுவும், ஒன்றாவது கொடுத்தால்தான் எழுத விடுவார்கள் என்பதால்.

பிறகு அரசாங்கத்தின் நுகர்வோர் உதவி எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். பழுதான பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்றவர் சொல்ல முடியாது, சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்று அங்கே ஓர் அம்மா பொறுமையாகச் சொன்னார். அங்கே பதிவு செய்த புகாரில் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். மஞ்சள் வைத்த ஆறும் கிழிந்தது, மஞ்சள் வைக்காத என் கோட்டும் அதே இடத்தில் கிழிந்தது, இதற்கு என்ன பதில்?

சில நாள் கழித்து, ஜீப் மலையேறிக்கொண்டிருக்கும்போது கோட்டு விற்ற கம்பெனியிலிருந்தே போன் வந்தது. அடுத்த வளைவு தாண்டினால் சிக்னல் போய்விடும் என்று டிரைவர் அண்ணன் ஓரமாக நிறுத்தினார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், ஏழுக்கும் பணத்தப் போட்டுர்றோம். நீங்க எழுதுன கருத்த மட்டும் அழிச்சுருங்க. அழிச்ச நிமிஷமே பணம் வந்துரும்."

என் ஒருத்தியின் பணமாக இருந்தால் அங்கேயே முடியாது என்று வெட்டிவிட்டிருப்பேன். ஆனால் ஆறு பேர் கூலியும் அதில் இருக்கிறதே! என்ன சொல்ல என்று தெரியாமல் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். காய்ச்சலில் படுத்து எழுந்து அப்போதுதான் வேலைக்கு வரத் தொடங்கியிருந்த அக்கா, போனை நோக்கிக் குனிந்தார். "ஏப்பா, அத அழிச்சுப்புட்டா, இன்னொரு தோட்டத்துக்காரி இதே கோட்ட வாங்கி நனைவாளே. அவளுக்கு என்ன பதில் வச்சிருக்க?"

மற்றவர்களும் எனக்குத் தலையாட்டினார்கள். எனக்குத் தெம்பு வந்துவிட்டது. "அது எங்க பணம். எங்க பணத்த எங்களுக்குத் தர்றதுக்கு நீங்க எதுக்குப் பேரம் பேசுறீங்க? நடந்ததத்தான் எழுதிருக்கேன், அழிக்க மாட்டேன். தரலைன்னா நுகர்வோர் கோர்ட்டுக்கு வர்றேன், அங்க பேசிக்கிருவோம்" என்றேன். போன் துண்டிக்கப்பட்டது.

"சோலி முடிஞ்சுச்சு, இனி வராது" என்றார் டிரைவர் அண்ணன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஜீப்பில் ஒருவர்கூட, அழித்துத் தொலைத்திருக்கலாமே என்று சொல்லவில்லை.

அடுத்த வாரமே, கறை இருந்தாலும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்று அதே தம்பி வந்து ஏழு கோட்டையும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். முழுப்பணமும் வந்தது. நான் எழுதியது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, வாங்க இருந்ததை விட்டுவிட்டதாக முகம் தெரியாத யாரோ ஒரு பெண் அதன் கீழே எழுதியிருக்கிறார்.

தோட்டக் கூலிக்காரிதானே, இவள் எதுவரைக்கும் வந்துவிடப் போகிறாள் என்று அந்தக் கம்பெனியில் நினைத்திருப்பார்கள். அன்றைக்கு அந்த வளைவில் நின்ற ஜீப்பில் எங்கள் ஏழு பேருக்கும் வந்த துணிச்சல் இன்னும் குறையவில்லை, இனி யாராவது அப்படி நினைத்தால் கடைசிவரைக்கும் போய்ப் பார்த்துவிடுவோம்.